கரப்பான் நோயாளியின் கண்கள்

கரப்பான் என்று தோல் பிரிவுக்கு அழைத்து வரப்படும் பிள்ளைகளின் முழங்கை மடிப்பையும் முழங்கால் பின்புறத்தையும் பார்த்து முடித்ததும் நான் கண்களைப் பார்க்கத் தொடங்கினால், "படை கையில்தானே இருக்கிறது, கண்ணை ஏன் பார்க்கிறீர்கள்?" என்று தாய்மார்கள் கேட்பதுண்டு. தோல் வறண்டு அரித்துத் தடிக்கும், அடோபிக் டெர்மடைட்டிஸ் எனப்படும் இந்நோயைக் கண்டறிய ஹனிஃபின், ராய்கா என்ற தோல் மருத்துவர்கள் 1980-இல் வகுத்த அளவுகோல்களிலேயே கீழிமைக்கு அடியில் விழும் கூடுதல் மடிப்பு, கண்ணைச் சுற்றிய கருமை, மீண்டும் மீண்டும் கண் சிவத்தல், கூம்புக் கருவிழி, ஒருவகைக் கண்புரை ஆகியன துணை அடையாளங்களாக இடம்பெற்றுள்ளன. ஆயினும், கூட்டம் மிகுந்த காலை வேளையில் தோல் மருத்துவர்கள் முதலில் விட்டுவிடுவது கண்ணைத்தான்.

நான் மிகவும் அஞ்சுவது கண்ணைக் கசக்கும் பழக்கத்தை. கசக்குகிறாயா என்று கேட்டால் பிள்ளை இல்லை என்றே தலையாட்டும். "தூக்கத்தில்கூடக் கசக்குவான்" என்று தாய் சொல்வார். பல ஆண்டுகள் இப்படிக் கசக்கப்படும் கருவிழி மெலிந்து முன்புறமாகக் கூம்பிவிடக்கூடும். கண்ணாடியின் சிலிண்டர் பவர் (கருவிழியின் சீரற்ற வளைவைச் சரிசெய்யும் அளவு) அடிக்கடி ஏறிக்கொண்டே போனால், புதுக் கண்ணாடி வாங்குவதோடு நிறுத்தாமல் கருவிழியின் வடிவத்தை அளந்து பார்க்கச் சொல்லி அனுப்புகிறேன். ரிபோஃப்ளேவின் (வைட்டமின் பி2) சொட்டுகளும் புற ஊதாக் கதிரும் கொண்டு கருவிழியை உறுதிப்படுத்தும் சிகிச்சையின் முதல் முடிவுகள் 2003-இல் வெளிவந்தன. அது பெரும்பாலும் நோய் முற்றுவதைத் தடுக்குமே தவிர, கெட்டுப்போன வடிவத்தை முழுமையாக மீட்டுத் தராது.

அடுத்தது நாங்களே எழுதிக் கொடுக்கும் மருந்தினால் வருவது. இமைத்தோல் உடலிலேயே மிக மெல்லியது என்பதால், கைக்கு எழுதிய வீரியமான ஸ்டீராய்டு களிம்பை இமையிலும் மாதக்கணக்கில் தடவினால் கண்ணின் உள்ளழுத்தம் உயரலாம், கண்புரையும் வரலாம். அழுத்தம் வலியின்றி ஏறிப் பக்கப் பார்வையை முதலில் தின்றுவிடுவதால் நோயாளிக்குத் தெரிவதில்லை. பழைய சீட்டைக் காட்டியோ சீட்டே இல்லாமலோ மருந்துக்கடையில் டியூப் வாங்குவது நம் ஊரில் இன்னும் நின்றபாடில்லை. அதனால் இமைக்கு இயன்றவரை ஸ்டீராய்டு அல்லாத டாக்ரோலிமஸ் களிம்பையே எழுதுகிறேன். ஸ்டீராய்டு தேவைப்பட்டால் வீரியம் குறைந்ததைச் சில நாள்களுக்கு மட்டும் கொடுத்து, எந்த டியூப் எந்த இடத்துக்கு என்பதைச் சீட்டிலேயே தமிழில் குறிக்கிறேன். செவிலியர்கள் இதைக் கேலி செய்தாலும், குழப்பம் குறைந்திருப்பதை அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள்.

கரப்பான் கடுமையாக உள்ளவர்களுக்குப் போடும் டுபிலுமாப் ஊசி வந்தபின் இன்னொரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. தோல் நன்றாகத் தேறும் சிலருக்கு அந்த ஊசியாலேயே கண் சிவந்து உறுத்துகிறது. அதே ஊசியை ஆஸ்துமாவுக்குப் போடுபவர்களிடம் இது அவ்வளவாகக் காணப்படுவதில்லை. முன்பே சொல்லி வைக்காவிட்டால், பயந்துபோய் ஊசியைத் தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள். பெரும்பாலும் கண் மருத்துவர் தரும் சொட்டு மருந்திலேயே இது கட்டுப்பட்டுவிடுவதால், ஊசி தொடங்கும் முன்பே கண் பரிசோதனைக்கு அனுப்பிவிடுகிறேன். கண் சிவந்தால் எங்கே வர வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுகிறேன்.