ரிப்போர்ட்டை நிறுத்தி வைக்கத் தெரிந்தவர்கள்

வடகிழக்குப் பருவமழை தொடங்கிய சில வாரங்களில் அரசு மருத்துவமனை ஆய்வகங்களுக்கு வரும் ஊதா மூடிக் குழாய்கள் திடீரென்று பெருகிவிடும். டெங்கு பயத்தில், காய்ச்சல் என்று வரும் ஏறக்குறைய அனைவருக்கும் ரத்த அணுக்களின் எண்ணிக்கை கேட்கப்படுகிறது. நோயாளியின் வீட்டாருக்கோ அந்த ரிப்போர்ட்டில் பிளேட்லெட் என்ற ஒரு வரி மட்டும்தான் கண்ணில் படும். அப்படிப்பட்ட ஒரு நாளில், ரத்த அணுக்களை எண்ணும் கருவியான செல் கவுன்ட்டர் பிளேட்லெட் 12,000 என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். இயல்பாக ஒன்றரை லட்சத்துக்கும் நாலரை லட்சத்துக்கும் இடையில் இருக்க வேண்டியது அது. அந்த எண் அப்படியே வார்டுக்குப் போய்ச் சேர்ந்தால், பெரிய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பதும், பிளேட்லெட் ஏற்ற ஆள் தேடி உறவினர்கள் ரத்த வங்கிக்கு ஓடுவதும் அரை மணி நேரத்துக்குள் தொடங்கிவிடும். அது போகலாமா, சற்று நிற்க வேண்டுமா என்பதை முடிவு செய்பவர் கருவியின் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆய்வக நுட்புநர்.

நன்றாகப் பயின்றவர் என்றால் அவர் முதலில் குழாயின் மேல் உள்ள பெயரையும் எண்ணையும் சீட்டோடு ஒப்பிடுவார். பிறகு குழாயைச் சாய்த்து, ஒரு மெல்லிய குச்சியை விட்டு, அடியில் கட்டி இருக்கிறதா என்று துழாவிப் பார்ப்பார். ரத்தம் எடுத்தவுடன் குழாயை எட்டுப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தாமல் விட்டிருந்தால், உள்ளே சிறு கட்டிகள் உருவாகிப் பிளேட்லெட்களை இழுத்து வைத்துக்கொண்டிருக்கும். கட்டி இல்லையென்றால் ஒரு சொட்டைக் கண்ணாடிச் சில்லில் இழுத்து, உலரவிட்டு, லீஷ்மன் சாயத்தை ஊற்றி, இரண்டு நிமிடம் கழித்து அதைப்போல் இரு மடங்கு பஃபர் நீர் சேர்த்துக் காத்திருந்து, கழுவி, நுண்ணோக்கியின் எண்ணெய் லென்ஸுக்குக் கீழே வைப்பார். அவர் கண் முதலில் போவது ஸ்மியர் எனப்படும் அந்த மெல்லிய ரத்தப் படலத்தின் நடுப்பகுதிக்கு அல்ல, இழுப்பு முடியும் நுனிக்கு. ஒன்றோடொன்று ஒட்டிய பிளேட்லெட்கள் கூட்டம் கூட்டமாகத் தள்ளப்பட்டு அங்கேதான் கிடக்கும்.

அப்படி இருபது, முப்பதாக ஒட்டிக் கிடப்பது தெரிந்துவிட்டால் கதையே மாறிவிடுகிறது. சிலருடைய ரத்தத்தில், உறையாமல் இருப்பதற்காகக் குழாயில் பூசியிருக்கும் இ.டி.டி.ஏ. உப்போடு சேர்ந்த பிறகு மட்டும் செயல்படுகிற எதிர்ப்பொருள் ஒன்று உண்டு. அது பிளேட்லெட்களை ஒட்ட வைக்கிறது. ஆனால் ஒட்டுவது உடம்புக்குள் அல்ல, குழாய்க்குள். கருவியோ நுண்துளை வழியாகப் போகும் ஒவ்வொரு துகளையும் அளவை வைத்து வகை பிரிப்பது; கூட்டமாக வரும் துகள் பிளேட்லெட் அளவில் இல்லாததால் அதைக் கணக்கில் சேர்க்காது, சில வேளைகளில் வெள்ளையணு என்று எண்ணிவிடவும் செய்யும். இப்போது சோடியம் சிட்ரேட் உள்ள நீல மூடிக் குழாயில் மறுபடி ரத்தம் எடுத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். அதில் ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் சேர்வதால், வரும் விடையை 1.1 ஆல் பெருக்க வேண்டும். பெரும்பாலும் லட்சத்தைத் தாண்டிய ஓர் எண் வந்து நிற்கும். மாறாக, ஸ்மியரில் கூட்டமே இல்லாமல், நுண்ணோக்கியில் ஒரே பார்வையில் தெரியும் பரப்பான ஒரு களத்தில் ஒன்றுகூடத் தேறாத அளவுக்குப் பிளேட்லெட்கள் அருகிப் போயிருந்தால் அந்த 12,000 உண்மை. அப்போது ரிப்போர்ட் அச்சாகும்வரைகூடக் காத்திராமல் வார்டுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட வேண்டும். எது உண்மை என்று தெரிந்துகொள்ள ஆகும் நேரம் இருபது நிமிடம்.

எண்ணை உருவாக்குவதுதான் ஆய்வகத்தின் வேலை என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அதைக் கருவி செய்துவிடும். அந்த எண் இந்த நோயாளியின் உடம்பைப் பற்றிப் பேசுகிறதா, குழாயையும் ஊசியையும் கருவியையும் பற்றிப் பேசுகிறதா என்று பிரித்தறிவதற்குத்தான் பயின்ற மனிதர் வேண்டியிருக்கிறது. (மருத்துவ முடிவுகளில் 70 சதவீதம் ஆய்வகத்தைச் சார்ந்தவை என்ற வாசகம் எங்கள் துறையின் மேடைகளில் தவறாமல் ஒலிக்கும். அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று துறைக்குள் இருப்பவர்களே எழுதிக் காட்டியிருக்கிறார்கள். சரிபார்ப்பதையே தொழிலாகக் கொண்ட நாம், சரிபார்க்காத ஓர் எண்ணை வைத்துப் பெருமை தேடிக்கொள்ள வேண்டியதில்லை.)

உயிர்வேதியியல் பக்கத்தில் இதற்கு இணையான உதாரணம் பொட்டாசியம். லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்க வேண்டிய இடத்தில் 9 என்று வருகிறது. அந்த நோயாளியோ வெளியே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறார். 9 உண்மையானால் இதயம் இப்படி அமைதியாக ஓடிக்கொண்டிருக்காது. விவரம் தெரிந்தவர் உடனே அதே சாம்பிளின் கால்சியத்தைப் பார்ப்பார். அது பாதாளத்துக்கு இறங்கியிருந்து, ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்னும் நொதியும் நம்ப முடியாத அளவுக்குக் குறைந்திருந்தால், வார்டுக்குப் போன் போட்டுக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்.

"சிஸ்டர், ஊதா மூடிக் குழாயில இருந்து கொஞ்சம் சிவப்பு மூடியில ஊத்தினீங்களா?"

"ரத்தம் பத்தல சார், அதான்..."

ஊதா மூடிக் குழாயில் இருப்பது இ.டி.டி.ஏ.வின் பொட்டாசியம் உப்பு. அது, சிவப்பு மூடிக் குழாயில் உறைந்த ரத்தத்திலிருந்து பிரியும் தெளிநீரான சீரத்தில் கலந்தால் பொட்டாசியம் ஏறும், இ.டி.டி.ஏ. கால்சியத்தைப் பற்றிக்கொள்வதால் கால்சியம் இறங்கும். துத்தநாகத்தையும் மெக்னீசியத்தையும் பற்றிக்கொள்வதால், அவை இல்லாமல் இயங்க முடியாத அந்த நொதியும் படுத்துவிடும். இதுவே மெல்லிய ஊசியால் இழுத்து, சிரிஞ்சை வேகமாக அழுத்திக் குழாயில் பீய்ச்சியதால் சிவப்பணுக்கள் உடைந்திருந்தால், பொட்டாசியம் மட்டும் ஏறும், கால்சியம் இப்படி விழாது; சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி எடுத்த சீரமும் சிவந்து கிடந்து தன்னைக் காட்டிக் கொடுத்துவிடும். மூன்று எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்து, வார்டில் நடந்ததை ஆய்வகத்தில் இருந்தபடியே சொல்லிவிடும் இந்த அறிவு ஒரு பொத்தானை அழுத்தக் கற்றுக்கொடுப்பதால் வருவதில்லை. வேதியியல் தெரிந்திருக்க வேண்டும். அதோடு, சிஸ்டரைக் குற்றவாளி ஆக்காமல் கேட்கவும் தெரிந்திருக்க வேண்டும். அடுத்த முறை அவர் உண்மையைச் சொல்வாரா என்பது இந்த முறை நாம் கேட்ட தொனியைப் பொறுத்தது.

முடிவை நம்புவதற்கு முன் நிதானிப்பது என்றால் எனக்கு 1986ஆம் ஆண்டு நினைவுக்கு வரும். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் நுண்ணுயிரியல் முதுநிலை மாணவியாக இருந்த செல்லப்பன் நிர்மலா, பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் ரத்தம் எடுத்து, சீரத்தைப் பிரித்து, வைக்க இடமின்றித் தம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்து, பரிசோதிப்பதற்காக வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனார். அங்கே, எதிர்ப்பொருள் இருந்தால் நிறம் மாறிக் காட்டும் எலைசா சோதனையில் ஆறு சாம்பிள்கள் நிறம் மாறின. இந்தியாவில் எச்.ஐ.வி. இல்லை என்று பரவலாக நம்பப்பட்ட காலம் அது. அந்த நிற மாற்றத்தை அவர்கள் உடனே செய்தியாக்கிவிடவில்லை. அந்தப் பெண்களிடம் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். அமெரிக்காவுக்கு அனுப்பி வெஸ்டர்ன் பிளாட் சோதனையில் உறுதி செய்துகொண்ட பிறகுதான் அரசுக்குத் தகவல் போனது. நாட்டின் எச்.ஐ.வி. வரலாறு தொடங்கும் இடத்தில், முதல் விடையை அப்படியே ஏற்றுக்கொள்ளாத ஆய்வகக்காரர்கள் சிலர் இருந்திருக்கிறார்கள்.

இத்தகைய பழக்கத்தைப் படிப்பு தருகிறதா என்று கேட்டால், தயங்கித்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் பிளஸ் டூ முடித்தவர் இந்தத் தொழிலுக்குள் வர ஓராண்டுச் சான்றிதழ், டி.எம்.எல்.டி. எனப்படும் ஈராண்டு மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்ப டிப்ளமா, பயிற்சியாண்டோடு கூடிய பி.எஸ்சி. எம்.எல்.டி. பட்டம் என்று பல வாசல்கள் இருக்கின்றன. அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் வேலூரிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் படித்து வருகிறவர் நாள்தோறும் நூற்றுக்கணக்கான சாம்பிள்களைக் கண்ணால் பார்த்திருப்பார். பேருந்து நிலையத்துக்கு எதிர்மாடியில், ஒரு நுண்ணோக்கியை நாற்பது பேர் பங்குபோட்டுக்கொள்ளும் நிறுவனத்தில் படித்தவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவர் பதிவேட்டில் சாயங்களின் படத்தை அழகாக வரைந்திருப்பார். இருவரும் ஒரே கவுன்ட்டருக்குப் பின்னால்தான் வந்து உட்காருகிறார்கள். நோயாளிக்கு வேறுபாடு தெரிய வழியில்லை.

இதில் சட்டம் காட்டிய தாமதமும் சிறியதல்ல. செவிலியர் படிப்புக்கு 1947இலும் மருந்தாளுநர் படிப்புக்கு 1948இலும் நாடு தழுவிய சட்டம் வந்துவிட்டது. ஆய்வகத் தொழிலர்களுக்கு அது 2021இல்தான், துணை மருத்துவத் தொழில்கள் பலவற்றுக்கும் பொதுவான தேசிய ஆணையச் சட்டமாக வந்தது. டிப்ளமா நிலையில் குறைந்தது 2,000 மணி நேரம், பட்டத்தின் வழி வரும் நலவாழ்வுத் தொழிலருக்குக் குறைந்தது 3,600 மணி நேரம் என்று படிப்பின் அளவை அது வரையறுக்கிறது. மாநில மன்றங்களும் பதிவேடும் இருக்க வேண்டும் என்கிறது. மணி நேரத்தைச் சட்டத்தால் எழுத முடியும். அந்த நேரம் முழுவதும் மாணவர் எதன் முன்னால் உட்கார்ந்திருந்தார் என்பதைக் கல்லூரிதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தரக் கட்டுப்பாடு என்ற பாடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் நோயாளிகளின் சாம்பிளுக்கு முன், விடை ஏற்கெனவே தெரிந்த கன்ட்ரோல் சீரத்தைக் கருவியில் ஓட்ட வேண்டும். வரும் எண்ணை, ஏற்கத்தக்க எல்லைகளுக்குக் கோடு போட்ட லெவி ஜென்னிங்ஸ் வரைபடத்தில் நாள்தோறும் புள்ளியாக வைக்க வேண்டும். 1950இலிருந்து இருக்கும் முறை இது. எந்தப் புள்ளி எச்சரிக்கை, எந்தப் புள்ளி வந்தால் வேலையை நிறுத்த வேண்டும் என்பதற்கு வெஸ்ட்கார்ட் வகுத்த விதிகளை மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆனால் திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு வெறும் வயிற்றோடு வரிசை நிற்கும்போது புள்ளி எல்லைக்கு வெளியே விழுந்தால் என்ன செய்வது என்பதை அவர்களுக்கு யாரும் காட்டியிருப்பதில்லை. ஆகவே எளிய வழி ஒன்று பரவியிருக்கிறது: கன்ட்ரோலை மறுபடி ஓட்டுவது, உள்ளே விழும்வரை ஓட்டுவது, விழுந்த புள்ளியை மட்டும் குறித்துக்கொள்வது. வரைபடம் அழகாக இருக்கும். சோதனைக்கு ஊற்றும் வேதிக் கரைசலான ரீஏஜென்ட் கெட்டுக்கொண்டிருப்பது யாருக்கும் தெரியாது.

வெளித் தர மதிப்பீட்டுக்கும் இதே நோய் உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி பல்லாண்டுகளாக நாடெங்கும் உள்ள ஆய்வகங்களுக்கு உலர்த்திய சீரத்தை அனுப்பி, விடைகளை வாங்கி ஒப்பிட்டுச் சொல்லும் திட்டத்தை நடத்தி வருகிறது. அந்தப் புட்டியை, மற்றச் சாம்பிள்களோடு சாதாரணமாக, அன்று பணிமுறையில் இருப்பவர் செய்ய வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். பல இடங்களில் அதை மூத்தவர் ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று முறை ஓட்டிச் சராசரி எடுத்து அனுப்புகிறார். மதிப்பெண் நன்றாக வரும். ஆய்வகத்தைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

கருவிகள் மாறிவிட்டதால் இதெல்லாம் பழைய பேச்சு என்று சிலர் சொல்கிறார்கள். காசநோய்ச் சளிப் பரிசோதனையில் கார்பால் பியூக்சின் சாயத்தை ஊற்றிச் சூடாக்கி, அமிலத்தால் நிறம் நீக்கி, கிருமி இல்லை என்று எழுதுவதற்கு முன் 100 களங்களைக் கண் வலிக்கப் பார்த்த இடத்தில், இன்று சிபிநாட், ட்ரூநாட் என்ற கருவிகள் கிருமியின் மரபணுவையே தேடிச் சொல்கின்றன. இது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் உள்ளே போவது எச்சிலாக இருந்தால் எந்தக் கருவியும் ஒன்றும் செய்ய முடியாது. ஆழமாக மூச்சிழுத்து, நெஞ்சிலிருந்து இருமித் துப்ப வேண்டும் என்று ஒரு முதியவருக்கு அவர் பேச்சில் சொல்லி, திறந்த வெளியில் நிற்க வைத்து, டப்பாவில் வந்ததைப் பார்த்து, "தாத்தா, இது எச்சி, இன்னொரு தடவை" என்று பொறுமையாகத் திருப்பி அனுப்புகிறவர் இல்லையென்றால், நெகட்டிவ் என்ற விடையில் பொருளே இல்லை. இந்தப் பேச்சுக்குப் பாடத்திட்டத்தில் எத்தனை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம் என்று தேடினால் ஏமாற்றம்தான்.

வெளித் தேர்வாளராகப் போகும்போது நான் பார்க்கிற செய்முறைத் தேர்வு பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கிறது. நிறத்தைக் கண்ணால் ஒப்பிட்டுப் பார்க்கும் பழைய சாஹ்லி முறையில் ஹீமோகுளோபின், ரத்த வகை, ஒரு ஸ்மியர், மேசையில் அடையாளம் சொல்வதற்காக வைத்த சில பொருட்கள். சாஹ்லி குழாயை வேலைக்குப் போன பிறகு தொடப்போகிறவர் மிகச் சிலர். ஒரு முறை சக தேர்வாளரை இசையவைத்து, அடையாளப் பொருட்களுக்குப் பதிலாக ஐந்து ரிப்போர்ட்களை வைத்தோம். எதை அனுப்புவீர்கள், எதை நிறுத்துவீர்கள், வார்டுக்கு என்ன கேட்பீர்கள் என்பதுதான் கேள்வி. பொட்டாசியம் 9, கால்சியம் 4 என்று இருந்த தாளுக்கு, பெரும்பாலோர் இரண்டு நோய்களின் பெயரைப் பிழையின்றி எழுதி, மருத்துவரிடம் உடனே தெரிவிக்க வேண்டும் என்று முடித்திருந்தார்கள். எந்தக் குழாயில் வந்தது என்று கேட்டிருந்தவர்கள் சிலரே. அவர்களில் ஒரு பெண், டிப்ளமாவுக்கு வருவதற்கு முன் சான்றிதழ்ப் படிப்போடு ஒரு சிறிய ஆய்வகத்தில் ரத்தம் எடுக்கும் வேலை பார்த்தவர். எங்கே கற்றுக்கொண்டாய் அம்மா என்றதற்கு, அங்கே இருந்த அக்கா ஒருவர் சொல்லிக் கொடுத்ததாகச் சொன்னார். மதிப்பெண் தாளில் இப்படிப்பட்ட கேள்விக்குத் தனிக் கட்டம் இல்லாததால், அதையும் அடையாளப் பொருள் என்ற தலைப்பின் கீழேயே போட்டுக் கொடுத்தோம்.