மாப்பிள்ளை கேக்கை எப்போது வெட்டுவது?

அட்லாண்டாவில் அலுவலக நண்பன் ஒருவனின் கல்யாணம். மாப்பிள்ளை கேக் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அமெரிக்கத் தென்மாநிலங்களில் அடுக்கடுக்கான வெள்ளைக் கேக் தவிர, மாப்பிள்ளைக்கென்று தனியாக ஒன்று உண்டு. பெரும்பாலும் சாக்லேட். மீன், ஃபுட்பால் என்று அவனுக்குப் பிடித்த உருவத்தில் செய்வார்கள்.

அதை வரவேற்பில் வைக்க வேண்டும் என்றார் அவன் அம்மா. எனக்கோ முந்தின நாள், கல்யாண ஒத்திகை பார்த்து முடித்ததும் நடக்கும் ஒத்திகை விருந்துதான் சரியென்று பட்டது. அந்த விருந்து வழக்கமாக மாப்பிள்ளை வீட்டார் கொடுப்பது. கூட்டமும் குறைவு, கேக்கைச் சுற்றி நின்று அவனைக் கிண்டலடிக்க நேரம் கிடைக்கும். வரவேற்பில் வைத்தால் எல்லோரும் சாக்லேட் பக்கம் சாய்ந்துவிடுவார்கள். வெள்ளைக் கேக், பாவம், அப்படியே நிற்கும். 2011இல் இளவரசர் வில்லியம் பிஸ்கட் போட்ட சாக்லேட் கேக்கை வரவேற்பில்தான் வைத்தார். சரி, அது அரண்மனை.

அந்தக் காலத்தில் மாப்பிள்ளை கேக்காகச் செய்த பழக்கேக்கைத் துண்டுபோட்டு டப்பாவில் கொடுத்தனுப்புவார்கள். கல்யாணமாகாத பெண்கள் தலையணைக்கடியில் வைத்துத் தூங்கினால், வரப்போகிறவன் கனவில் வருவானாம். அம்மா கடைசியில் ஒத்திகை விருந்துக்குச் சம்மதித்தார். ஒரே நிபந்தனை: மிச்சத்தை டப்பாவில் போட்டு, வரவேற்பு முடிந்து கிளம்புகிறவர்கள் கையில் நான்தான் கொடுக்க வேண்டும்.