ஏழு வயதுப் பேத்தியும் டிஸ்னியில் ஒரு ஸ்ட்ரோலரும்

பேத்தியை ஸ்ட்ரோலரில் உட்காரவைத்து நான் தள்ளிக்கொண்டு போகிற போட்டோவை மகள் குடும்ப குரூப்பில் போட்டதும், பாளையங்கோட்டையிலிருந்து சம்பந்தியம்மா கேட்டார்கள்: "ஏழு வயசுப் பிள்ளைக்கு வண்டியா? நடக்க மாட்டாளாக்கும்?" அடுத்து என் தம்பி, "பி.டி. வாத்தியார் பேத்தி இப்படியா?" என்று எழுதினான். இரண்டு வரியில் சொல்லி முடிகிற பதில் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். பேரப்பிள்ளைகளோடு அமெரிக்காவில் ஓர்லாண்டோ பக்கம் இருக்கிற டிஸ்னி பார்க்குகளுக்குப் போகப்போகிற தாத்தா பாட்டிகளுக்கும் உதவும்.

நான் முப்பது வருடத்துக்கு மேல் பள்ளிக்கூட மைதானத்தில் நின்றவன். இரண்டாம் வகுப்புப் பிள்ளை காலையிலிருந்து சாயங்காலம் வரை ஆடும், சரி. ஆனால் எப்படி ஆடும்? கொஞ்ச நேரம் உயிரைக் கொடுத்து ஓடும். மூச்சு வாங்கினால் அப்படியே மண்ணில் உட்கார்ந்து கல் பொறுக்கும். அப்புறம் யாரும் சொல்லாமலே எழுந்து மறுபடி ஓடும். ஓட்டமும் ஓய்வும் அதன் இஷ்டம். தீம் பார்க்கில் அந்த இஷ்டம் பிள்ளைக்குக் கிடையாது. பெரியவர்கள் வேகத்துக்கு நடக்க வேண்டும், வரிசையில் முக்கால் மணி நேரம் நிற்க வேண்டும், வெளியே வந்ததும் திரும்ப நடக்க வேண்டும். என்னுடைய ஓர் எட்டுக்கு அவள் ஒன்றரை எட்டு வைக்கிறாள். எனக்குப் பதினைந்தாயிரம் எட்டு என்றால் அவளுக்கு இருபதாயிரத்தைத் தாண்டிவிடும். அங்கே ஒரு நாளில் பத்து கிலோமீட்டர் நடப்பது சாதாரணம். அந்தத் தூரத்தை நாள் தவறாமல் நடக்கும்படி எந்த இரண்டாம் வகுப்புப் பிள்ளையையும் நான் வேலையில் இருந்தபோது விட்டதில்லை.

வால்ட் டிஸ்னி வேர்ல்ட் 1971 அக்டோபரில் திறந்தது. இப்போது நான்கு பெரிய பார்க்குகள். அதில் எப்காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மெக்சிகோவில் ஆரம்பித்து கனடாவில் முடிகிற பதினோரு நாட்டு அரங்குகள், நடுவில் ஓர் ஏரி. அந்த ஏரியைச் சுற்றி வரவே ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர். இது பார்க்கின் ஒரு பாதிதான். ஜூன் மாத வெயிலில் ஜெர்மனி வருவதற்குள் பிள்ளையின் பேச்சு நின்றுவிடும். பேச்சு நிற்பதுதான் முதல் அடையாளம். சிணுங்கல், அழுகை எல்லாம் அதற்குப் பிறகு வருபவை. எங்கள் பேத்தி மெக்சிகோவில் இறங்கி ஓடினாள், நார்வேயில் ஓடினாள். சீனா தாண்டும்போது வாய் மூடியது. வண்டியை அவள் பக்கத்தில் நிறுத்தினேன், ஒன்றும் சொல்லவில்லை. அவளே ஏறி உட்கார்ந்து, மேல்மூடியை இழுத்துவிட்டு, தண்ணீர் பாட்டிலைக் காலிசெய்தாள். இத்தாலியில் குதித்து இறங்கினாள். ஜப்பான் வரை அவளைப் பிடிக்க முடியவில்லை. வண்டி எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் காட்ட விரும்புவது அந்த அரை மணி நேரத்தைத்தான்.

வண்டி விஷயத்தில் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. ஸ்ட்ரோலருக்கு அங்கே வயது வரம்பு கிடையாது, அளவு வரம்புதான். அகலம் 31 அங்குலம், நீளம் 52 அங்குலம், அதற்கு மேல் கூடாது. நான்கு சக்கரத்தில் இழுத்துப் போகிற வேகன் வகைகளை 2019 மே மாதத்திலிருந்து அனுமதிப்பதில்லை. டிக்கெட்டிலும் 3 முதல் 9 வயது வரை குழந்தைக் கட்டணம்தான். ஒன்பது வயது வரை குழந்தை என்று பார்க்கே சொல்கிறது.

வாசலிலேயே வாடகைக்கும் கிடைக்கும். நாங்கள் போனபோது ஒற்றை வண்டி ஒரு நாளுக்கு 15 டாலர். கெட்டி பிளாஸ்டிக் வண்டி, முதுகு சாயாது. ஆனால் பெரிய பிள்ளைக்கு இடம் தாராளம். யோசிக்க வேண்டியது வேறு. அந்த வண்டியைப் பார்க்குக்கு வெளியே கொண்டுபோக முடியாது. நான்கு பார்க்குகளில் ஒன்றான மேஜிக் கிங்டமில் இரவு வாணவேடிக்கை முடிந்து கூட்டத்தோடு வெளியே வருகிறீர்கள், பிள்ளை தூங்கிவிட்டது. வாசலில் வண்டியை விட்டுவிட வேண்டும். அதற்கப்புறம் ஏரியைத் தாண்ட மோனோ ரயிலோ படகோ பிடித்து, இறங்கி, கார் நிற்கிற இடம் வரை போக வேண்டும். வண்டி மிகவும் தேவைப்படுகிற நேரம் அது. அதனால்தான் மகளிடம் பிடிவாதமாகச் சொல்லி, வீட்டில் மூலையில் கிடந்த பழைய வண்டியைத் துடைத்து, சக்கரத்துக்கு எண்ணெய் போட்டு, காரில் ஏற்றினேன். மோனோ ரயிலிலும் படகிலும் மடிக்காமலே ஏற்றலாம். கார் நிற்கிற இடத்துக்குக் கூட்டிப்போகிற பார்க்கிங் டிராமில் மட்டும் மடிக்க வேண்டும்.

ரைடுக்குப் போகும்போது வண்டியை வெளியே அதற்கென்று இருக்கிற இடத்தில் நிறுத்த வேண்டும். அங்கே நூற்றுக்கணக்கில் நிற்கும், பாதி ஒரே நிறம். நீங்கள் உள்ளே இருக்கும்போது ஊழியர்கள் வரிசையை ஒழுங்குபடுத்தி நகர்த்தியும் வைப்பார்கள். விட்ட இடத்தில் இல்லை என்று பதற வேண்டாம், இரண்டு வரிசை தள்ளி இருக்கும். எங்கள் வண்டியின் கைப்பிடியில் ஆச்சி, அதாவது என் மனைவி, ஒரு மஞ்சப்பையைக் கட்டிவிட்டாள். ஏதோ கல்யாண வீட்டில் தாம்பூலம் போட்டுக் கொடுத்த பை, பிள்ளையார் படமும் "நன்றி, வணக்கம்" என்ற எழுத்தும் பாதி அழிந்திருக்கும். அவ்வளவு கூட்டத்திலும் அது தூரத்திலிருந்தே தெரிந்தது. பணம், பாஸ்போர்ட், போன் எதையும் வண்டியில் விட்டுப்போகாதீர்கள். ஒரு பழைய துண்டு மட்டும் கட்டாயம் வையுங்கள். ஃப்ளோரிடாவில் கோடையில் மத்தியானத்துக்கு மேல் இடியோடு மழை கொட்டும், இருக்கை நனைந்துவிட்டால் துடைக்க வேண்டும்.

இனி எனக்கு மனம் வலித்த விஷயம். ஒரு நிழலில் நின்றுகொண்டிருந்தோம். பக்கத்தில் நம்மூர்க் குடும்பம் ஒன்று, தமிழ்தான் பேசினார்கள். அந்த அம்மா எங்களைப் பார்த்துவிட்டுத் தன் மகனிடம், "பாரு, அந்த அக்கா பெரிய பிள்ளை, இன்னும் பாப்பா மாதிரி வண்டியில வர்றா" என்றார். எங்களுக்குத் தமிழ் தெரியாது என்று நினைத்திருக்கலாம். பேத்திக்கு நன்றாகத் தெரியும். அவள் காலை உள்ளே இழுத்துக்கொண்டாள், மூடியை முகம் வரை இறக்கினாள். கொஞ்சம் கழித்து, "தாத்தா, நான் நடக்கிறேன்" என்று இறங்கி, என் விரலைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நடந்தாள். நடை வேண்டும் என்று நடக்கிற பிள்ளையின் தோள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அன்று அவள் தோள் அப்படி இல்லை.

யாருடைய பிள்ளையையும் அப்படிப் பேசாதீர்கள். வண்டியில் இருக்கிற பிள்ளைக்கு மூட்டுவாதம் இருக்கலாம், தசை பலவீனம் இருக்கலாம். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குக் கூட்டத்திலும் இரைச்சலிலும் அந்த மூடிதான் ஒரே மறைப்பு. என் மகளோடு வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் மகனுக்கு வயது ஒன்பது, பார்த்தால் ஒன்றும் தெரியாது, நூறு அடிக்கு மேல் நடந்தால் கால் வலிக்கும். அப்படிப்பட்டவர்கள் பார்க்கில் கெஸ்ட் ரிலேஷன்ஸ் என்கிற உதவி அலுவலகத்தில் தங்கள் நிலைமையைச் சொன்னால், ஸ்ட்ரோலரைச் சக்கர நாற்காலிபோலப் பயன்படுத்த ஒரு சிவப்பு அட்டையைக் கட்டிக் கொடுப்பார்கள், காசு கிடையாது. அதை வைத்து வண்டியோடு வரிசைக்குள் போகலாம். இது தெரியாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்ற தகப்பன்மார் சிலரை நானே பார்த்தேன். எங்கள் பேத்திக்கு அப்படி எந்தக் குறையும் இல்லை. குறை இருந்தால்தான் உட்காரலாம் என்பதும் இல்லை.

அன்று சாயங்காலம் நாங்கள் யாரும் "ஏறு" என்று சொல்லவில்லை, "நீதான் பெரிய பிள்ளையாச்சே" என்றும் சொல்லவில்லை. ஆச்சி மட்டும் வண்டியில் பையை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். விளக்குப் போட்ட பிறகு பேத்தியே பையை எடுத்து ஆச்சி கையில் கொடுத்துவிட்டு ஏறிக்கொண்டாள். வாணவேடிக்கையை முழுக்கப் பார்த்தாள். எங்கள் பக்கத்தில் அவள் வயதுப் பிள்ளைகள் இரண்டு, முதல் வெடிக்கு முன்பே அப்பா தோளில் தூங்கிவிட்டன.

கடைசியாக எடை. சின்னதாக மடிகிற வண்டிகள் பலவும் 50 பவுண்டு, அதாவது 22 கிலோ சொச்சம்தான் தாங்கும். ஏழு வயதில் பல பிள்ளைகள் அதை எட்டிவிடும். வண்டியின் கம்பிச் சட்டத்தில் ஒட்டியிருக்கிற விவரச் சீட்டைப் படித்துப் பாருங்கள். எங்கள் வண்டியில் பேத்தி இப்போதே எல்லையில் இருக்கிறாள், தலையும் மூடியில் தட்டுகிறது. 65 பவுண்டு தாங்குகிற வண்டிகள் உண்டு, ஹோட்டலுக்கே கொண்டுவந்து வாடகைக்குத் தருகிறவர்களும் இருக்கிறார்கள். எட்டு வயதில் போவதானால் அதில் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவைக்கும்படி மகளிடம் சொல்லியிருக்கிறேன். மஞ்சப்பை மட்டும் இதேதான்.