எனக்குப் பிறந்தநாள் கொடுத்த ஹெச்.எம்.

சர்ட்டிபிகேட்படி என் பிறந்தநாள் மே 20. அன்றைக்கு வங்கியிலிருந்து வாழ்த்து வரும், வாட்ஸ்அப்பில் கேக் படங்கள் வரும், நானும் எல்லோருக்கும் நன்றி சொல்வேன். உண்மையில் நான் பிறந்தது ஐப்பசியில். மே 20 எங்கள் ஹெச்.எம். போட்டுக் கொடுத்த தேதி.

கேரளாவில் பள்ளிக்கூடம் திறப்பது ஜூன் 1. ஒன்றாம் வகுப்பில் சேர அப்போதெல்லாம் அதற்குள் அஞ்சு வயசு முடிந்திருக்க வேண்டும். பாலக்காடு மாவட்டத்தில், தமிழர்கள் அதிகமாக வாழும் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் ஊரில் அப்போது யாரிடம் பிறப்புச் சான்றிதழ் இருந்தது? அம்மா என்னை இழுத்துக்கொண்டு போய், "ஐப்பசி அடைமழைல பொறந்தானுங்க சார், எங்க மாட்டுக் கொட்டாய் சாஞ்ச வருசம்" என்று சொல்லியிருக்கிறாள். ஹெச்.எம். விரல் விட்டு எண்ணிப் பார்த்து, அஞ்சு மாசம் இடிக்குதே என்று பேனா மூடியைக் கொஞ்ச நேரம் கடித்துவிட்டு, அட்மிஷன் ரிஜிஸ்டரில் மே 20 என்று எழுதினார். அன்று சேர்ந்த இன்னும் மூன்று பேருக்கும் அதே தேதிதான். அதுவே அப்படியே எஸ்.எஸ்.எல்.சி. புக்குக்குப் போய், அங்கிருந்து பாஸ்போர்ட் வரைக்கும் வந்துவிட்டது. கேரளம் முழுக்க வாத்தியார்கள் இந்த வேலையைச் செய்திருக்கிறார்கள். வருடாவருடம் மே 31 அன்று ஆயிரக்கணக்கான அரசு ஊழியர்கள் ஒரே நாளில் ஓய்வு பெறுகிறார்கள் என்று செய்தி வருகிறதே, அதற்குக் காரணம் இதுதான்: ரிஜிஸ்டரில் மே மாதம் பிறந்தவர்களுக்கு அந்த மாதக் கடைசியில் ஓய்வு.

அவர் பெரிய தியாகி என்றெல்லாம் எழுத மாட்டேன். பிரம்பு எடுத்தால் கணக்கில்லாமல் அடிப்பார். கணக்குப் பாடமோ எந்த வருடமும் முழுசாக முடிந்ததில்லை. பாதிப் பீரியட் வராந்தாவில் போய்விடும், ஏனென்றால் ஊரே அங்கே காகிதத்தோடு நிற்கும். கரண்ட் பில், ரேஷன் கார்டு, கோர்ட் நோட்டீஸ், எல்லாமே மலையாளத்தில் வரும், எங்கள் ஆட்களுக்கு மலையாளம் பேச வரும், படிக்க வராது. அவர் வாசித்து, தமிழில் சொல்லி, பதிலும் எழுதிக் கொடுப்பார். பதிலைத் தமிழிலேயே எழுதுவார், அதில் ஒரு பிடிவாதம். மொழிச் சிறுபான்மைப் பகுதியில் தமிழர்கள் அரசு அலுவலகத்துக்குத் தமிழில் எழுதலாம், பதிலும் தமிழில் வாங்கலாம் என்று 1969 ஆட்சிமொழிச் சட்டம் சொல்கிறது என்பார். குழாய்த் தண்ணீருக்காக ஓர் ஆபீசுக்குத் தமிழில் மனு எழுதினார். பதில் மலையாளத்தில் வந்தது. அதையும் அவரேதான் வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. மறுபடி தமிழில் எழுதினார்.

எழுத்தறிவு இயக்கம் வந்தபோது சாயங்கால வகுப்பும் அவர் தலையில்தான். 1991 ஏப்ரல் 18 அன்று கேரளம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவித்தார்கள் இல்லையா, அதற்கு முந்தைய மாதங்களில் எங்கள் அம்மாவும் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு போனாள். பெண்கள் எல்லோரும் சேர்ந்து ஒன்றே ஒன்று கேட்டார்களாம்: "அ, ஆ எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் சார், பஸ் போர்டு படிக்க மட்டும் சொல்லிக் குடுங்க." கரும்பலகையில் பாலக்காடு, சித்தூர், பொள்ளாச்சி என்று ஒரு பக்கம் தமிழிலும் மறுபக்கம் மலையாளத்திலும் எழுதிப் போட்டு, அங்கிருந்தே பாடத்தைத் தொடங்கினார். அம்மாவுக்கு இன்றைக்கும் தெரிந்த மலையாள எழுத்துகள் அந்த மூன்று ஊர்ப் பெயர்களில் இருப்பவை மட்டும்தான். அது போதும் என்கிறாள்.

அவர் நிஜமாகப் பயந்தது ஜூன் மாதத்துக்குத்தான். பள்ளி திறந்து ஆறாவது வேலை நாளில் தலை எண்ணுவார்கள். எண்ணிக்கை குறைந்தால் டிவிஷன், அதாவது ஒரு வகுப்புப் பிரிவு, போகும், டிவிஷன் போனால் ஒரு டீச்சர் வேலை போகும். தமிழ் மீடியத்தில் ஒருமுறை டிவிஷன் போனால் திரும்ப வராது என்பார். அந்த அஞ்சு நாளும் பழைய டி.வி.எஸ். 50-ஐ எடுத்துக்கொண்டு முதலமடை மாந்தோப்புக் குடிசை வரைக்கும் போய்ப் பிள்ளை பிடிப்பார். மாங்காய் சீசன் முடிந்து குடும்பத்தோடு பொள்ளாச்சிப் பக்கம் வேலைக்குக் கிளம்புகிறவர்களை வழிமறித்து, பையனையாவது பாட்டியிடம் விட்டுவிட்டுப் போங்கள் என்று மல்லுக்கு நிற்பார். அப்படிப் பிடிபட்டவர்களில் ஒருவன் இப்போது அதே பள்ளியில் வாத்தியார். ஜூனில் அவனும் பைக்கை எடுத்துக்கொண்டு அலைகிறான். ஆனால் அவனுக்கு முன்னால் இங்கிலீஷ் மீடியம் வேன் வாசலுக்கே வந்துவிடுகிறது, என்ன செய்ய.

ஹெச்.எம். ஓய்வு பெற்றதும் ஒரு மே 31-ல்தான், 56 வயதில். போன மாதம் அவர் வீட்டுக்குப் போனபோது திண்ணையில் யாரோ ஒருவர் ஆதார் காகிதத்தோடு உட்கார்ந்திருந்தார். அவர் போகட்டும் என்று காத்திருந்து, உங்கள் மே மாதமும் பொய்தானா சார் என்று கேட்டேன்.

"பின்ன? கார்த்திகை தீபத்துக்கு மறுநாள் பொறந்தேன்னு எங்கம்மா சொல்லும்."

"எந்த வருசம் சார்?"

"அதை எங்க வாத்தியாரைத்தான்டா கேக்கணும்."