திராட்சைத் தோட்ட வாசலில் நின்று எண்ணியது: கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு வேளாண் சுற்றுலா ஆய்வு

வேளாண் சுற்றுலாவில் ஆய்வேடு எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் முதல் வாரத்திலேயே கேள்வித்தாளைத் தயாரித்து ஆய்வு கைடிடம் நீட்டிவிடுகிறார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் களப்பணியை முடித்த கையோடு சொல்கிறோம், அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை. எதை வேளாண் சுற்றுலா என்று கணக்கில் சேர்ப்பது, யாரிடம், எந்த மாதத்தில், எந்த இடத்தில் நின்று கேட்பது என்பதெல்லாம் முடிவாகாமல் 400 தாள்களை நிரப்பினால் அந்த 400-ம் எடைக்குப் போடத்தான் ஆகும்.

இடம் தேனி மாவட்டம், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி வட்டாரம். இங்கே விளையும் பன்னீர் திராட்சை, உலக வழக்கில் மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம். 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கவாத்து செய்ததிலிருந்து, அதாவது கொடியின் கிளைகளை வெட்டிவிட்டதிலிருந்து, அறுவடைக்குச் சுமார் நான்கு மாதம். எல்லாத் தோட்டத்திலும் ஒரே நாளில் கவாத்து நடப்பதில்லை என்பதால் வருடத்தில் எந்த மாதம் போனாலும் ஏதாவது ஒரு பந்தலில் குலை தொங்கும். குமுளி, தேக்கடி போகிற வண்டிகள் வழியில் நிறுத்துவது அதற்காகத்தான். ஒரு வாரக் கண்காட்சிக் கூட்டம் போலில்லாமல் ஆண்டு முழுக்கச் சிறுகச் சிறுக ஆள் வருவதால் ஆய்வுக்கு இது நல்ல களம். ஆபத்தும் அதிலேயே இருக்கிறது.

முதலில் வரையறை. 2010-ல் பிலிப், ஹண்டர், பிளாக்ஸ்டாக் மூவரும் கொடுத்த வகைப்பாடு மூன்று கேள்விகளில் நிற்கிறது. உண்மையில் விவசாயம் நடக்கிற தோட்டமா? பயணிக்கும் விவசாயத்துக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறதா? அவர் பார்ப்பது அசல் வேலையா, அவருக்காக ஒழுங்கு செய்த காட்சியா? இதைக் கம்பத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே சாலையில் மூன்று வகை தெரியும். பந்தலுக்குள் நடந்து குலையைப் பார்த்து, போட்டோ எடுத்து, பழம் வாங்குகிறவர் ஒரு வகை. தோட்டத்துக்குள் காலே வைக்காமல் வாசல் கடையில் ஜூஸ் குடித்துவிட்டுப் போகிறவர் இன்னொரு வகை. சாலையோரக் குடையின் கீழ் பெட்டியாக வாங்குகிறவர் மூன்றாவது. இவரை வேளாண் சுற்றுலாப் பயணி என்று எழுதினால் வாய்மொழித் தேர்வில் தாக்குப்பிடிக்க முடியாது. மூவரையும் எண்ணலாம், ஆனால் தாளின் முதல் கட்டத்திலேயே வகையைக் குறித்துவிட வேண்டும். பிறகு பிரிக்க வழியே கிடையாது.

அடுத்தது தோட்டங்களின் பட்டியல். இத்தாலியில் 2006-ம் ஆண்டின் 96-ம் எண் சட்டப்படி விவசாயி மட்டுமே அக்ரிடூரிஸ்மோ என்ற பண்ணைச் சுற்றுலா நடத்தலாம், விவசாயமே முதன்மைத் தொழிலாக இருக்க வேண்டும். அங்கே அனுமதி பெற்ற பண்ணைகளின் கணக்கு இருப்பதால் ஆய்வாளருக்கு மாதிரி எடுப்பது சுலபம். கம்பத்தில் அப்படித் தயார்ப் பட்டியல் கைக்கு வராது. நாமேதான் கட்ட வேண்டும். வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் ஊர்வாரியான சாகுபடிப் பரப்பு கிடைக்கும். கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில், அதாவது பயிர்க் கணக்குப் பதிவேட்டில், எந்தப் புல எண்ணில் திராட்சை என்று பார்க்கலாம். ஆனால் அடங்கலில் இருப்பது பயிர்தான், பயணி வருகிறாரா என்பது அதில் இருக்காது. அதற்கு டூவீலரில் ஒவ்வொரு சாலையாகப் போய்ப் பலகை, நிறுத்துமிடம், வாசல் கடை மூன்றையும் குறிக்க வேண்டும். கூகுள் மேப்பில் இருப்பவை மட்டும் போதும் என்று உட்கார்ந்தால் பெரிய தோட்டங்கள் மட்டுமே பட்டியலில் ஏறும்.

இனி மாதம். இந்த ஆய்வில் அதிகம் சறுக்குகிற இடம் இதுதான். கல்லூரி அட்டவணைப்படி பலரும் களப்பணியை நவம்பர், டிசம்பரில் வைத்துக்கொள்கிறார்கள். கார்த்திகை முதல் தேதியிலிருந்து மகரவிளக்கு வரை இந்தச் சாலை முழுக்க சபரிமலை வண்டிகள். மாலை போட்ட ஆண்கள் கூட்டம் கூட்டமாக வருவார்கள், விரதத்தில் இருப்பார்கள், அசைவம் தொடமாட்டார்கள், தங்கல் செலவு அநேகமாக இருக்காது. அந்த மாதிரியை வைத்து, பயணிகளில் பெரும்பாலோர் ஆண்கள், உணவுச் செலவு குறைவு, நாட்டுக்கோழிக்கு ஆர்வம் இல்லை என்று எழுதினால் அது ஐயப்ப பக்தர்களைப் பற்றிய ஆய்வு. நெரிசல் மிஞ்சும் நாட்களில் வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிடுவதும் உண்டு. அன்றைக்குத் தோட்ட வாசலில் ஈ ஓட்ட வேண்டியதுதான். ஏப்ரல், மே விடுமுறையில் ஒரு சுற்று, ஆடி ஆவணியில் ஒரு சுற்று, சபரிமலைக்கு மாலை போடும் காலத்தில் தனிச் சுற்று என்று மூன்றாகப் பிரித்து, மூன்றாவதைத் தனி அடுக்காகவே வைத்து எழுதுவது சரி. சுருளி அருவியில் வெள்ளத்தாலோ யானை நடமாட்டத்தாலோ வனத்துறை குளிக்கத் தடை போட்டாலும் எண்ணிக்கை மாறும். எனவே ஒவ்வொரு நாளும் அருவி திறந்ததா என்று ஒரு வரி குறித்து வைக்க வேண்டும்.

எத்தனை பேர்? எத்தனை பேரைக் கேட்க வேண்டும் என்பதற்கு எல்லோரும் போடும் காக்ரன் சூத்திரம் (95 சதவீத நம்பகம், 5 சதவீதப் பிழை): 1.96-ன் வர்க்கத்தை 0.25-ஆல் பெருக்கி 0.05-ன் வர்க்கத்தால் வகுத்தால் 384.16, அதாவது 385. இந்த எண் ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாத ஆட்களுக்குப் பொருந்தும். ஒரே வேனில் வந்த எட்டுப் பேரின் பதில் எட்டாகாது. வண்டிக்கு ஒருவர் என்று வைத்துக்கொண்டு, அவரை ‘அடுத்து யாருக்குப் பிறந்தநாள் வருகிறது’ என்று கேட்டுத் தேர்ந்தெடுத்தால் குடும்பத் தலைவரே எல்லாவற்றுக்கும் பதில் சொல்வது குறையும். சில தோட்டங்களை மட்டும் தேர்ந்து ஒவ்வொன்றிலும் 10 பேரைக் கேட்கிறீர்கள், ஒரே தோட்டத்தில் கேட்டவர்களின் பதில் ஒற்றுமை 0.05 என்று வைத்துக்கொண்டால், 385-ஐப் பெருக்க வேண்டியது 1.45 (1 + 9 × 0.05). தேவை 559 ஆகிவிடும். மறுத்தவர்களையும் கோடு போட்டு எண்ணுங்கள். மறுப்பு விகிதம் இல்லாத அட்டவணையை நல்ல ஆய்விதழ் திருப்பி அனுப்பும்.

நிற்கிற இடம் வண்டி நிறுத்துமிடம்தான். பந்தலுக்குள் கேட்டால் தோட்டக்காரர் பக்கத்தில் வந்து நின்றுகொள்வார். அவர் முன்னால் பழம் புளிப்பு என்று நம்மூரில் யார் சொல்வார்கள்?

இப்போது கேள்வித்தாள். ஆங்கிலத்தில் வந்த அளவுகோல்களை அப்படியே தமிழாக்கினால் என்னென்ன உடைகிறது என்பது முன்னோட்டமாக 30 பேரிடம் கேட்கும்போதே தெரிந்துவிடும். ‘உங்கள் அனுபவம் எப்படி இருந்தது’ என்றால் ‘இதுதான் முதல் தடவை, அனுபவம் ஒன்றும் இல்லை’ என்று பதில் வரும். ‘திருப்தியா’ என்றால் எல்லோரும் திருப்திதான், வந்த இடத்தில் குறை சொல்லக் கூடாது என்ற மரியாதை. ‘பாரம்பரிய உணவு’ என்ற சொல்லுக்கு யாரும் மாற்றுக் கருத்தே சொல்வதில்லை. ‘நாட்டு’ என்று போட்டால் ஆட்கள் யோசித்துப் பதில் சொல்கிறார்கள், நாட்டுக்கோழிக்கும் பிராய்லருக்கும் வித்தியாசம் அவர்களுக்குத் தெரியும். எதிர்மறை வாக்கியங்களைத் தவிருங்கள். ‘இங்கே விலை அதிகம் இல்லை’ என்பதற்கு ‘உடன்படவில்லை’ என்றால் என்ன பொருள் என்று கேட்கிறவரும் குழம்புவார், சொல்கிறவரும் குழம்புவார். தப்பித்தவறி வைத்திருந்தால் எண்களைத் தலைகீழாக மாற்றிய பிறகே, கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று காட்டும் கிரான்பாக் ஆல்ஃபா போடுங்கள். 0.7 வரவில்லை என்று கேள்விகளை வெட்டுகிறவர்களில் சிலர் இந்த மாற்றத்தை மறந்தவர்கள். ஐந்து புள்ளி அளவைவிடச் சில இடங்களில் நேர்க் கேள்வி நன்றாக வேலை செய்கிறது: ‘அடுத்த முறை தேக்கடி போகும்போது இங்கே நிறுத்துவீர்களா, நேராகப் போய்விடுவீர்களா?’ மலையாளத் தாளும் கட்டாயம் வேண்டும், இது எல்லை ஊர். மொழிபெயர்ப்பைத் திரும்ப ஆங்கிலமாக்குகிறவர் மூலத்தைப் பார்த்திருக்கக் கூடாது.

செலவுக் கேள்வியில் மூன்று ஓட்டைகள். சொல்கிற தொகை ஒருவருக்கா, வண்டிக்கா என்று கேட்டுத் தலை எண்ணிக்கையையும் எழுதுங்கள். தங்கல் குமுளியில் என்றால் அந்தப் பணம் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துக்குப் போகிறது, கம்பத்தின் வரவில் சேர்க்கக் கூடாது. கடையில் வாங்கிய பொருள் எந்த ஊருடையது என்பதும் முக்கியம். பன்னீர் திராட்சை விதையுள்ளது. வாசல் கடையில் தொங்கும் விதையற்ற உலர் திராட்சைப் பாக்கெட் அந்தப் பந்தலில் விளைந்ததாக இருக்க முடியாது.

விவசாயி பக்கம் 20 முதல் 25 பேட்டி போதும். பல ஆய்வுகளில் 12-ஐத் தாண்டினாலே புதுக் கருத்து வருவது குறைகிறது. கவாத்து நாளிலும் மருந்து அடிக்கிற நாளிலும் போகாதீர்கள். மருந்து அடித்து எத்தனை நாள் கழித்துப் பயணிகளை உள்ளே விடுகிறார்கள் என்பதைக் கண்டிப்பாகக் கேளுங்கள். வருமானக் கணக்கில் எளிதில் நேரக்கூடிய ஒரு பெரிய பிழை இருக்கிறது. எளிய எண்ணாக வைத்துப் பார்ப்போம். வியாபாரிக்குக் கிலோ 40 ரூபாய், வாசலில் 80 ரூபாய், சில்லறையில் போனது 500 கிலோ என்றால் சுற்றுலா வருமானம் 40,000 ஆகாது. பயணி வராவிட்டாலும் 20,000 வந்திருக்கும். மிச்சம் 20,000, அதிலும் உதிர்ந்த பழம், பை, வாசலில் நிற்கும் ஆள் கூலி போக வேண்டும். ‘கூலி ஆள் யாரும் இல்லை, வீட்டு ஆட்கள்தான்’ என்று சொன்னால் ஜூஸ் பிழிவதும் சமைப்பதும் யார் என்று பாருங்கள். வீட்டுப் பெண்களிடம் தனியே கேட்டால் ஒரு நாளுக்கு எத்தனை மணி நேரம் என்று துல்லியமாகச் சொல்வார்கள். கணவர் முன்னால் கேட்டால் ‘சும்மா ஒத்தாசைதான்’ என்பதோடு முடிந்துவிடும். ஒரு மணி நேர ஒலிப்பதிவை வட்டார வழக்கோடு எழுத்தில் கொண்டுவர ஐந்தாறு மணி நேரம் ஒதுக்குங்கள்.

முந்தைய ஆய்வுகளைத் தேடிப் படிக்கும் வேலையில் ஒரு எச்சரிக்கை: அக்ரிடூரிசம், அக்ரோடூரிசம், ஃபார்ம் டூரிசம், நடுவில் கோடு போட்டது, போடாதது என்று ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு கட்டுரைகள் வரும். ஒன்றை மட்டும் தேடினால் பாதிக் கட்டுரைகள் கைநழுவும். இந்திய ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா என்ற இணையக் களஞ்சியம். பிறர் எழுத்தோடு ஒத்துப்போகும் ஒப்புமை அளவு 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதி. ஏற்கத்தக்க ஆய்விதழ்களின் யுஜிசி கேர் பட்டியல் 2025-ல் கைவிடப்பட்டதால், எந்த இதழ் செல்லும் என்பதை உங்கள் பல்கலைக்கழகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ‘மூன்று நாளில் பிரசுரம்’ என்று வாட்ஸப்பில் வருவதைத் திறக்கவே வேண்டாம்.

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கத்தைத் தோட்டக்காரர்களிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். பரப்பை ஏக்கர் என்று நாம் எழுதியதைச் செண்ட் என்று திருத்துவார்கள், குத்தகைத் தோட்டத்தைச் சொந்தத் தோட்டமாகப் போட்டிருப்பதைக் காட்டுவார்கள். இவை இரண்டும் அட்டவணையையே மாற்றும் பிழைகள் என்பதால் இதற்கு இரண்டு வாரம் தனியாக வைத்திருக்க வேண்டும்.