ஆஸ்டிராய்ட்ஸ் பெட்டிக்குப் புது பிக் ப்ளூ

என் கராஜில் நிற்கும் ஆஸ்டிராய்ட்ஸ், அட்டாரி 1979-இல் வெளியிட்ட, காசு போட்டு ஆடும் வீடியோ கேம் எந்திரம். நான் குடியிருக்கும் கலிபோர்னியாவின் சன்னிவேலில்தான் அந்தக் காலத்து அட்டாரி இருந்தது. 1972-இல் அட்டாரி தன் முதல் பாங் கேம் எந்திரத்தை வைத்துப் பார்த்த ஆண்டி கேப்ஸ் மதுக்கடையும் இதே ஊர்தான். அதனால் இந்தப் பெட்டியை இந்த ஊரிலேயே ஓடும் நிலையில் வைத்திருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு.

சில மாதங்களாக ஸ்பீக்கரில் விடாத ஓர் உறுமல். அப்புறம், ஆட்டம் சூடுபிடிக்கும் நேரமாகப் பார்த்து எந்திரம் தானாக ரீசெட் ஆகிவிடும். பட்டியலில் இருந்த மதிப்பெண்கள் எல்லாம் போய்விடும். என் மகள் கஷ்டப்பட்டு எடுத்த முதலிடமும் அப்படித்தான் போயிற்று.

கேள்விப்பட்ட நண்பர், “எதுக்குங்க இவ்வளவு பாடு? ஒரு ஸ்விட்சிங் சப்ளை வாங்கி மாட்டிடுங்க” என்றார். ஸ்விட்சிங் சப்ளை என்பது இன்றைய கணினிகளில் இருப்பது போன்ற சின்ன மின்வழங்கி. பின்னாளில் வந்த, ஜாமா என்ற பொதுவான இணைப்பு முறையில் அமைந்த எந்திரங்களுக்கு அது சரியான யோசனை. பழசைக் கழற்றிப் புதுசை மாட்டினால் வேலை முடிந்தது. இதில் கதை வேறு. ஆஸ்டிராய்ட்ஸின் திரை கோடுகளாகவே வரையும் வெக்டர் மானிட்டர். அதற்கான ஏசி மின்சாரம் பெட்டியின் அடியில் இருக்கும் அதே பெரிய டிரான்ஸ்ஃபார்மரிலிருந்துதான் வருகிறது. ஒலி ஆம்ப்ளிஃபயர்கள், வோல்ட்டைச் சீராக வைத்திருக்கும் ரெகுலேட்டர் போர்டிலேயே இருக்கின்றன. ஸ்விட்சிங் சப்ளை மாட்டினாலும் பழையவை எல்லாம் அங்கேயேதான் இருந்தாக வேண்டும். அதைவிட, தேய்ந்ததை மட்டும் மாற்றினால் பழைய சப்ளை இன்னும் பல வருஷம் உழைக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

அந்த உறுமலுக்கும் ரீசெட்டுக்கும் காரணம் ஒன்றுதான். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் ஏசியை ரெக்டிஃபையர் ஒரே திசைக்கு மாற்றுகிறது. ஆனால் அது சீராக வருவதில்லை. இங்கே 60 ஹெர்ட்ஸ் என்பதால் நொடிக்கு 120 முறை ஏறி இறங்குகிறது. அந்தப் பள்ளங்களை நிரப்புவது எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர். நீல உறை போட்ட உருண்டை என்பதால் எல்லோரும் அதை பிக் ப்ளூ என்கிறார்கள். சுமார் 27,000 மைக்ரோஃபாரட். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆனதில் உள்ளே இருக்கும் திரவம் வறண்டு, கொள்ளளவு குறைந்துவிட்டது. பள்ளம் ஆழமாகும்போது ரெகுலேட்டரால் 5 வோல்ட்டைப் பிடித்து வைக்க முடிவதில்லை. ஆட்டத்தை ஓட்டும் 6502 பிராசசர் ஒரு கணம் தடுமாறினால் போதும், ரீசெட்.

பிளக்கைப் பிடுங்கி, கெப்பாசிட்டரில் மிச்சமிருந்த மின்னூட்டத்தை ஒரு ரெசிஸ்டர் வழியாக வடியவிட்டு, பிறகுதான் கை வைத்தேன். புதுசு அதே மதிப்பு, ஆனால் 25 வோல்ட் வரை தாங்கும் ரகம். பழையது 15 வோல்ட். உருவத்தில் சிறியதாக இருந்ததால் பழைய கிளாம்ப் பிடிக்கவில்லை, ரப்பர் பட்டை சுற்றி இறுக்கினேன். ப்ளஸ், மைனஸ் திருகுகளை ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்துக்கொள்ளுங்கள். இவ்வளவு பெரிய கெப்பாசிட்டரைத் திருப்பி மாட்டினால் அது வெடிக்கும். ரெக்டிஃபையரையும், பிடிப்பு தளர்ந்த ஃபியூஸ் கட்டையையும் கையோடு மாற்றினேன்.

இதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். உண்மையான வேலை இனிமேல்தான்.

அட்டாரியின் ரெகுலேட்டர் போர்டு தன் வாசலில் இருக்கும் வோல்ட்டை மட்டும் நம்புவதில்லை. சென்ஸ் கம்பிகள் என்று தனியாக இரண்டு, ஆட்டத்தின் சிப்புகள் இருக்கும் ஆட்ட போர்டு வரைக்கும் போகின்றன. அங்கே எத்தனை வோல்ட் வந்து சேர்கிறது என்று பார்த்து, குறைந்தால் ரெகுலேட்டர் கூட்டிக் கொடுக்கும். அருமையான ஏற்பாடு, கனெக்டர் சுத்தமாக இருக்கும்வரை. போர்டின் விளிம்பில் செருகும் எட்ஜ் கனெக்டரின் முனைகள் கறுத்துப்போனால் அங்கேயே வோல்ட் விழும், ரெகுலேட்டர் ஈடுகட்ட முயலும், முனைகள் இன்னும் சூடாகும், இன்னும் கறுக்கும். ரெகுலேட்டர் போர்டில் சென்ஸ் கம்பிகளை ஒட்டிய இரண்டு சிறு ரெசிஸ்டர்கள் கருகியிருந்தால் முதலில் இந்த கனெக்டரைத்தான் சந்தேகிக்க வேண்டும். என் போர்டில் இரண்டுமே கருகியிருந்தன. மின்சாரம் வரும் முனைகளை எல்லாம் கம்பியில் நசுக்கிப் பிடிக்கவைத்துப் புதிதாக கிரிம்ப் செய்தேன். போர்டின் விளிம்பை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்தேன். ரெகுலேட்டர் போர்டின் கனெக்டர் பின்களில் சால்டர் விரிசல் விட்டிருந்தது. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தேன். அந்தக் கருகிய இரண்டு ரெசிஸ்டர்களும், சின்ன கெப்பாசிட்டர்களும் புதுசு.

முதலில் ஆட்ட போர்டையும் மானிட்டரையும் இணைக்காமல் மின்சாரம் கொடுத்து ரெகுலேட்டரின் வோல்ட்டைப் பார்த்தேன். பிறகு ஆட்ட போர்டை மட்டும். கடைசியாகத்தான் மானிட்டர். 5 வோல்ட்டை அளக்க வேண்டிய இடம் ஆட்ட போர்டு, ரெகுலேட்டர் அல்ல. அங்கே 5.08 வந்தது. ரெகுலேட்டரில் அளந்தால் 5.15. முன்பு இந்த இரண்டுக்கும் நடுவே அரை வோல்ட்டுக்கு மேல் இடைவெளி இருந்தது. உங்களிடம் அட்டாரி பெட்டி இருந்தால், ரெகுலேட்டர் போர்டில் வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் டிரிம்மரைத் திருகி வோல்ட்டை ஏற்றுவதற்கு முன்னால் இந்த வித்தியாசத்தை அளந்து பாருங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். கனெக்டர் கெட்டிருக்கும்போது டிரிம்மரைத் திருகுவது நோயை மறைப்பதோடு சரி.

உறுமல் போய்விட்டது. ஆட்டம் போகப் போக வேகமெடுக்கும் அந்த ‘டும் டும்’ சத்தம் இப்போதுதான் தெளிவாகக் கேட்கிறது. மகள் மறுபடி முதலிடத்துக்கு முயன்றுகொண்டிருக்கிறாள். அடுத்து மானிட்டரின் கெப்பாசிட்டர்கள். அதில் உயர் மின்னழுத்தம் இருப்பதால் பாதுகாப்பு முறைகளோடு சேர்த்துத் தனியாக எழுதுகிறேன்.