பால்டிமோரில் எட்கார் ஆலன் போ

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், அமிட்டி தெருவில் எழுத்தாளர் எட்கார் ஆலன் போ குடியிருந்த சிறிய செங்கல் வீடு இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. அதன் மாடிப்படி அத்தனை குறுகலாகத் திருகி ஏறுவதால், மேலிருந்து ஒருவர் இறங்கி முடிக்கும் வரை நான் கீழேயே காத்திருந்தேன். கூரைச் சரிவுக்குக் கீழுள்ள உச்சி அறையிலோ குனிந்துதான் நிற்க முடிந்தது. 1833 வாக்கில் போவும், அத்தை மரியா கிளெமும், அத்தை மகள் வர்ஜீனியாவும், நோயுற்ற பாட்டியும் இங்கே வாழ்ந்தார்கள். பாட்டிக்கு வந்த ஓய்வூதியம்தான் குடும்பத்துக்குப் பெரிய ஆதாரம்.

உயிரோடு சுவருக்குள் அடைக்கப்படும் மனிதர்களைப் பற்றி எழுதியவரின் கற்பனையை இந்த நெருக்கடியோடு முடிச்சுப்போடத் தோன்றுகிறது. ஆனால் இவ்வீடு காட்டுவது அவருடைய பித்தை அல்ல, வறுமையை என்றே நான் நினைக்கிறேன். 1809இல் பாஸ்டனில் நாடக நடிகர்களுக்குப் பிறந்து, மூன்று வயது நிறையுமுன் தாயை இழந்து, ரிச்மண்ட் வணிகர் ஜான் ஆலனிடம் வளர்ந்த போ, கடன் தகராறில் அவரோடு முறிந்து, 1831இல் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியிலிருந்தும் நீக்கப்பட்டார். 1833இல் உள்ளூர் வார இதழ் ஒன்றின் சிறுகதைப் போட்டியில் வென்ற 50 டாலர் பரிசுதான் அவருக்கு எழுத்துலகின் கதவைத் திறந்தது. பிறகு வாழ்நாள் முழுவதும் இதழாசிரியராகவும் இரக்கமற்ற விமர்சகராகவும் உழைத்தார். துப்பறியும் கதைக்கு 1841இலேயே வடிவம் கொடுத்தார். 1845இல் வெளிவந்த 'தி ரேவன்' (அண்டங்காக்கை) என்ற கவிதை பெரும்புகழைத் தந்ததே தவிர, பணத்தைத் தரவில்லை. அவருக்கு மனைவியாகியிருந்த வர்ஜீனியா 1847இல் காசநோயால் இறந்தார்.

அவர் குடிகாரர், மனம் பிறழ்ந்தவர் என்று இன்றும் உலவும் சித்திரத்தின் பெரும்பகுதி, அவர் மீது பகை கொண்டிருந்த ரூஃபஸ் கிரிஸ்வோல்ட் எழுதிய இரங்கல் குறிப்பிலிருந்தும் வாழ்க்கை வரலாற்றிலிருந்தும் வந்தது. குடிப்பழக்கம் உண்மைதான், மற்றவற்றில் மிகையும் புனைவும் ஏராளம்.

1849 அக்டோபரில் பால்டிமோர் மதுக்கடை ஒன்றில் நினைவு தடுமாறிய நிலையில் காணப்பட்ட போ, 7ஆம் தேதி மருத்துவமனையில் தமது 40ஆவது வயதில் இறந்தார். காரணம் இன்றுவரை தெளிவாகவில்லை. வெஸ்ட்மின்ஸ்டர் கல்லறைத் தோட்டத்தில் ஒரு சிலர் மட்டுமே கூடி அடக்கம் செய்தனர். பள்ளிப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் திரட்டிய காசும் சேர்ந்து எழுந்த பளிங்கு நினைவுச்சின்னம் 1875இல்தான் வந்தது. அதில் பிறந்த தேதியை ஜனவரி 19க்குப் பதில் 20 என்று செதுக்கிவிட்டார்கள். வருவோர் பலர் வாயிலருகே இருக்கும் இச்சின்னத்தோடு திரும்பிவிடுகிறார்கள். அவரை முதலில் புதைத்த இடம் தோட்டத்தின் பின்புறம், தாத்தாவின் கல்லறையருகே, அண்டங்காக்கை உருவம் செதுக்கிய கல்லுடன் இருக்கிறது.